நான் குறித்த தாமதங்கள்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைத்தால் அது இன்னும் பெரிய குற்றம்.

மராட்டிய மண்ணில், இந்தப் போபோடியில் நம் சபைக்குப் பின்னால் உள்ள சின்ன ஆஸ்பத்திரியைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டின. 1996-இல் நான் அதன் கமிட்டிச் செயலாளர். தொழிற்சாலையில் எனக்குத் தர ஆய்வு வேலை, மதிய ஷிஃப்ட். குறை கண்டே பழகிய கண். தினமும் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, நர்ஸ் ஸ்டெல்லா வரும் நேரத்தை டைரியில் எழுதினேன். எட்டு மணிக்கு வரவேண்டியவர். எட்டு இருபது. எட்டு முப்பத்தைந்து.

மூன்று மாதக் குறிப்பைக் கமிட்டியில் வாசித்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் ஆஸ்பத்திரிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று டைரியில், 'இன்று மனநிறைவு' என்று எழுதினேன். அந்த வரி இன்னும் இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து, ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. விடாத மழை. என் மனைவி எஸ்தருக்கு இழுப்பு வந்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ இல்லை. நம் டாக்டர் மாலையில்தான் வருவார். நர்ஸ் இல்லாததால் காலையில் ஆஸ்பத்திரி பூட்டியே கிடந்தது. சாவி என் சட்டைப்பையில்.

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்."

பக்கத்து வீட்டு அம்மா ஓடிப்போய் ஒருவரை அழைத்து வந்தார். நனைந்த புடவையோடு உள்ளே வந்தவர் ஸ்டெல்லா. எங்கள் சந்தின் கடைசி வீட்டில், படுத்த படுக்கையான பெரியவர் ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தாராம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம்.

"என்ன அண்ணே, இன்னைக்கும் நான் லேட்டா? சாவிய எடுங்க, சலோ."

காய்கறி வண்டியில் எஸ்தரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்டெல்லா ஆக்சிஜன் வைத்தார். டாக்டரிடம் போனில் கேட்டு ஊசி போட்டார். பதினொன்றே காலுக்கு எஸ்தர் என் பெயரைச் சொன்னாள்.

"சிஸ்டர், வேலை போன பிறகுமா வீடு வீடா போறீங்க?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சு வர முடியாதவங்கள யாரு பாப்பாங்க? நீங்க மணியத்தான் எழுதினீங்க. எங்க போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் தாமதத்துக்கு எந்தக் காரணமோ, அதே காரணம்தான் அன்று அவரை என் வீட்டருகே நிறுத்தியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் எழுந்து, எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்ப வேலைக்கு வந்தார்.

2004-இல் ஆஸ்பத்திரியின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். தேதியும் நேரமும் என் டைரியில்தான் இருக்கும் என்றார்கள். இருந்தன. ஸ்டெல்லாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். நினைவிருந்தவற்றுக்கு அவர் ஒரு வீட்டைச் சொன்னார். எட்டு இருபதுக்கு எதிரே, படுக்கைப் புண். எட்டு முப்பத்தைந்துக்கு எதிரே, பிறந்து மூன்று நாளான குழந்தை. நாங்கள் அச்சிட்ட வரலாறு அதுதான்.

நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் ஆள் அனுப்புவார். அது நீங்கள் துரத்திவிட்ட ஆளாகவே இருந்தாலும், கதவைத் திறங்கள்.