நாலரை சதவீதக் காய்ச்சல்

ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் சுந்தரேசன் மாமாவுக்குச் சந்தேகம் என்பது பல் தேய்ப்பது மாதிரி. அதில்தான் நாளே தொடங்கும். பால் வந்ததும் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒரு சொட்டைச் சாய்த்த தட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார். காய்கறி வண்டிக்காரர் தராசைத் தொட்டால் போதும், "பையா, மொதல்ல காலி தராசைக் காட்டு" என்று ஆரம்பித்துவிடுவார். மெட்ரோவில் பக்கத்து ஆள் சிரித்தால் சட்டைப்பையைத் தடவிக்கொள்வார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கும்பகோணத்திலிருந்து சின்ன வயதில் டெல்லி வந்து, ஓய்வு பெறும்வரை தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். அடுத்தவர் எழுதிய எண்ணை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கினார்.

அவர் பிரிவில் ஒரு வழக்கம் இருந்ததாம். போன வருஷத்தைவிடச் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால்தான் விளக்கம் கேட்பார்கள். அதற்குக் கீழே என்றால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மாமா அந்தப் பத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தக்காளி விலையிலிருந்து மாமியின் கோபம் வரை எல்லாமே பத்துக்கு மேலா கீழா என்றுதான் பார்ப்பார்.

போன அக்டோபரில் பட்டு மாமிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் ஃபரீதாபாத்தில் மாமாவின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். நாத்தனாருக்கும் மாமிக்கும் ஆகாது என்பது பிளாக்குக்கே தெரியும். மாமாவுக்கு அது போதாதா?

நான் ரசம் கொண்டுபோனபோது மாமி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மாமா ஜன்னல் பக்கம் நின்று தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூத்திமூணு. சாதாரணமா தொண்ணூத்தெட்டரை இருக்கணும். வெறும் நாலரை பர்சென்ட்தான் ஏறியிருக்கு, வசுமதி. இதுக்குப்போய் நாளைக்கு வரமாட்டேங்கறா. எனக்கென்னவோ நம்பிக்கையில்லே."

ரசத்தை அவர் தலையில் கொட்டியிருப்பேன். மாமிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

"மாமா, நூத்திமூணுன்னா டாக்டர்கிட்ட ஓடணும். நீங்க பர்சென்ட் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க!"

"உனக்குத் தெரியாது. காபி டம்ளர்ல வெச்சு எடுத்திருக்கலாம்."

கீழே ஓடிப்போய், என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த தெர்மாமீட்டரை எடுத்துவந்தேன். அது செல்சியஸில் காட்டும். மாமா கண்ணெதிரிலேயே மாமியின் அக்குளில் வைத்தேன். முப்பத்தொன்பது புள்ளி நாலு. மாமா உடனே மனக்கணக்குப் போட்டார். சாதாரணம் முப்பத்தேழு என்றால், ஏறியது ஆறரை சதவீதம். கள்ள பில்லைப் பிடித்தவர்போல் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அதிலே நாலரை, இதிலே ஆறரை. ஏதோ ஒண்ணு புளுகறது."

விடுவாரா? இரண்டையும் ஒரே நேரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக என்னை வைக்கச் சொன்னார். அதே எண்கள்தான் வந்தன. போனில் தேடி ஒன்றை இன்னொன்றாக மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடுதான். அவர் நெற்றி சுருங்கியது.

"ரெண்டு மீட்டரும் சரிதான் மாமா. உங்க பர்சென்ட்தான் புளுகுது," என்றேன். "ஜனவரில ஒரு காலைல ரெண்டு டிகிரி இருந்துச்சு, மறுநாள் நாலு. ரெண்டு மடங்கு சூடாயிருச்சுன்னு குரங்குத்தொப்பியைக் கழட்டுனீங்களா?"

அவர் இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், நானும் பாங்கில் கணக்குப் பார்த்தவள்தான். பணத்தில் பூஜ்யம் என்றால் பையில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து எண்ணுவதால், பாதி என்றால் பாதி, இருமடங்கு என்றால் இருமடங்கு. செல்சியஸின் பூஜ்யமோ தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். அங்கேயும் சூடு இருக்கிறது, அதற்குக் கீழேயும் இருக்கிறது. ஃபாரன்ஹீட்காரர் இன்னும் கீழே வேறோர் இடத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தார். எத்தனை டிகிரி ஏறியது என்று கேட்கலாம். எத்தனை சதவீதம், எத்தனை மடங்கு என்று கேட்டால் கோட்டுக்குக் கோடு பதில் மாறும்.

"ஓபனிங் பேலன்ஸையே அவாவா இஷ்டத்துக்குப் போட்டிருக்கா," என்று மாமா முணுமுணுத்தார்.

போர்வைக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "ஆடிட் முடிஞ்சுதா? காலம்பரலேர்ந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தொட்டுப் பாத்தேளா?"

மாமா குனிந்து நெற்றியில் கை வைத்தார். சுட்டதுபோல் எடுத்துவிட்டார்.

"வசுமதி, ஆட்டோ கூப்பிடு. ஜல்தி."

டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பிளேட்லெட் ஒன்றரை லட்சம். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியது. மாமா நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில் அடுத்த ரிப்போர்ட் வந்தது. எழுபத்தைந்தாயிரம்.

வராந்தாவில் அந்த இளம் டாக்டரை மறித்து, இந்த எண்ணிக்கையில் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தியில் கேட்டார். டாக்டருக்குக் கேள்வியே விநோதமாகப் பட்டிருக்கும். பூஜ்யம் என்றால் ரத்தத்தில் ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம், வேறென்ன, என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "அப்போ இது நெஜமாவே பாதி."

மறுபடி சோதிக்கச் சொல்வார், லேப்பைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு எண்ணிக்கை ஏறியது, மாமி வீடு திரும்பினார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்று அது எங்களுக்குத் தெரியாதே.

உள்ளே போனோம். மாமி கண்ணைத் திறந்தார். "ரிப்போர்ட் வந்துதா? எவ்வளவு கொறைஞ்சிருக்காம்?"

மாமா கட்டிலோரம் உட்கார்ந்து மாமியின் நெற்றியில் கை வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. எண்ணில் ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர்.

"கொஞ்சம்தான். பத்து பர்சென்ட்டுக்குக் கீழே."

மாமி அவர் முகத்தையே சற்றுநேரம் பார்த்தார்.

"அப்போ நான் விளக்கம் கேக்கப்படாது," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.