குத்தகைச் சட்டமும் பெட்டிக்காரரும்

கீழ்வேளூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தபோது, தஞ்சாவூரிலிருந்து மாதம் ஒருமுறை புத்தகப் பெட்டி வரும். எங்கள் ஊரில் படித்து முடித்தவை அடுத்த கிளைக்குப் போகும். பெட்டியோடு வருபவர் ஒல்லியான மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் பதிவேட்டை எடுத்து, புத்தகம் வாங்கியவர்களின் பெயர்களை விரல் வைத்துப் படிப்பார்.

மிராசுதார்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் தகராறு முற்றியிருந்த காலம் அது. எங்களிடம் இருந்த ஒரே குத்தகைச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் போன இருவரைப் போலீஸ் தேடி வந்தது. அவர்கள் பெயரைச் சொன்னது பெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன். அடுத்த மாதம் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"ரிஜிஸ்டர் எங்கங்க?"

"பைண்டிங்குக்குப் போயிருக்குங்க."

அவர் பூட்டைப் பார்த்தார். "அந்தச் சட்டப் புத்தகத்தை எத்தனை பேர் கேட்டிருக்காங்க? பேரு வேணாம்."

"பதினோரு பேருங்க" என்றேன். சொன்ன பிறகு பயம் வந்தது.

அடுத்த பெட்டியில் அதே புத்தகம் நான்கு பிரதிகள் இருந்தன. திருக்காட்டுப்பள்ளி முதலான கிளைகளில் யாரும் தொடாமல் கிடந்தவற்றைத் திரட்டியிருந்தார். உதவியா, இன்னும் நான்கு பெயர்களுக்கு விரித்த வலையா என்று எனக்குப் புரியவில்லை. நான்கையும் கேட்டவர்களுக்குப் பெயர் எழுதாமலே கொடுத்தேன்.

சில மாதங்களில் அவர் மாற்றலாகிப் போனார். விடைபெற வந்தபோதும் நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.