தார்ப்பாயின் தலைமாடு

ஸமீஹாவின் தையலைக் குறை சொல்லிவிட்டு முல்லா வீதியிலிருந்து முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. நாற்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு பெரியது. கணவர் மஜீத் துணியை அளந்து வெட்டுவார், அவள் தைப்பாள். பதினைந்து வருடம் துணிமணி தைத்தவள், நான்கு வருடமாக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறாள். அவள் தார்ப்பாயில் ஒரு தையல்கூடக் கோணாது. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்படிப்பட்டவள் மேசைமேல், ஆவணி மாதத்தில் ஒரு நாள், லாரி ஓட்டும் செல்வகுமார் கிழிந்த தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயது, சிரித்த முகம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து சோப்புப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். பக்கப் பலகையே இல்லாத தட்டு லாரி அது. மழைக்கும் காற்றுக்கும் தார்ப்பாய்தான் ஒரே சுவர். துணிகள் சேரும் இடத்தில் பிரிந்துகொள்கிறது, இதோடு எட்டாவது வண்டி என்று அவன் பணிவாகத்தான் சொன்னான்.

ஸமீஹா பணியவில்லை. கட்டத் தெரியாமல் கண்டபடி இழுத்துக் கட்டினால் இரும்புகூடக் கிழியும் என்றாள்.

"மெஷின்ல உக்காந்துகினு சொல்றது ஈஸிக்கா. ஒரு நாள் லோடு மேல ஏறிக் கட்டிப் பாருங்க" என்றான் அவன்.

"ஏறுறேன். நான் கட்டி அது கிழிஞ்சா, இதுவரைக்கும் குடுத்த அத்தனையையும் திருப்பி வாங்கி, புதுசா தைச்சுத் தரேன்."

மஜீத்தின் கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது. இதுவரை கொடுத்தது முப்பத்தொரு தார்ப்பாய் என்பது அவருக்கு மட்டும்தான் அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லிப் பயனில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்ததால் மறுபடி வெட்டத் தொடங்கினார்.

மறுநாளே மஜீத்தின் பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாரின்மேல் மாட்டிக்கொண்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸமீஹா மேட்டுப்பாளையத்தில் போய் நின்றாள். கற்றுக்கொடுக்க வேண்டியவன் யாரை எதிர்த்துப் பந்தயம் கட்டியிருக்கிறாளோ அவனேதான். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகப் படவே இல்லை.

முதல் நாள் ஏணியில் ஏறியவள் பத்தடி உயரத்தில் உட்கார்ந்தே விட்டாள். எழுந்து நிற்கக் கால்மணி நேரம் ஆயிற்று. நின்ற பிறகோ இறங்க மனமில்லை. இரண்டாம் நாள் அவள் வீசிய கயிறு மறுபக்கம் போகாமல், தேநீர் கொண்டுவந்த பார்வதியின் தட்டில் விழுந்தது. ஆறு கிளாஸ் போயிற்று. மூன்றாம் நாள் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, சுருக்குப் போட்டு, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இழுத்தாள். சுருக்கு அவிழ்ந்து தரையில் போய் உட்கார்ந்தாள். சுமை தூக்கும் ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அவளோ அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அதன் பிறகு அவர்கள் திரும்பிக்கொள்ளவில்லை.

பெட்டிகளின் கூர்முனையில் சாக்கை மடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி அறுபடும். நடுக்கயிற்றை முதலில் கட்டிவிட்டுத்தான் ஓரத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மூலைகளில் துணியை மடிக்கும்போது மடிப்பின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். காற்று முன்னாலிருந்துதான் வரும். வாய் முன்னால் இருந்தால் உள்ளே புகுந்து தூக்கிவிடும். இதைச் செல்வகுமார் நூறு தடவை சொன்னான். அவளும் நூறு தடவை தலையாட்டினாள்.

ஐந்து வாரத்தில் அவள் போடும் சுருக்கை அவிழ்க்கச் செல்வகுமாரே திணற ஆரம்பித்தான். காலையில் கடைக்கு வந்ததும், சாப்பிடும் நேரத்திலும், மஜீத்துக்குக் கயிற்றுப் பாடம் நடந்தது. இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் ஒரு கயிற்றில் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஐப்பசியில் வானம் கறுத்த ஒரு நாள் பந்தயத்துக்கான லோடு வந்தது. விழுப்புரம் தாண்டிப் போக வேண்டிய சோப்புப் பெட்டிகள். போன வாரம் தைத்த புதுத் தார்ப்பாயை ஸமீஹா தானே விரித்து, தானே கட்டினாள். யாராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. வண்டி கிளம்பியது. மனசு கேட்காமல் மஜீத்தின் ஸ்கூட்டரில் ஏறிப் பின்னாலேயே போகச் சொன்னாள்.

மூலக்குளத்தில் வண்டி வேகமெடுத்தபோது ஸ்கூட்டர் அதன் பக்கவாட்டில் வந்தது. அங்கேதான் அவள் பார்த்தாள். மூலை மடிப்புகள் கல் மாதிரி இருந்தன. ஆனால் துணியும் துணியும் சேரும் ஒவ்வொரு தையலிலும், வைத்திக்குப்பத்துக் கரையில் துடிக்கும் மீனின் செவுளைப் போல, ஓரம் திறந்து திறந்து மூடியது.

காரணம் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. பிரித்துத் தைக்க வேண்டி வந்தால் உதவட்டும் என்று தையலுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் துணி விட்டிருந்தாள். சட்டைக்கும் ரவிக்கைக்கும் விட்டுப் பழகிய கை. அந்த ஓரங்கள் எல்லாம் முன்னால் பார்த்து வாயைத் திறந்திருந்தன. தார்ப்பாயைத் திருப்பிப் போட்டிருந்தால் பின்னால் பார்த்திருக்கும். எப்படி விரிப்பது என்று யாருக்குத் தெரியும்? மேல்புறம், உள்புறம் மட்டும் பார்த்துத் தைத்த அவளுக்கே, படுக்கிற பாய் போல இதற்கும் தலைமாடு கால்மாடு உண்டென்று தோன்றவில்லையே.

மஜீத்தை முந்தச் சொல்லி, நடுரோட்டில் கையை நீட்டி லாரியை நிறுத்தினாள். லோடு சரிந்துவிட்டதோ என்று செல்வகுமார் பதறி இறங்கினான். முடிச்சு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். பின்னால் ஹாரன் அலற, அத்தனை கயிற்றையும் அவிழ்த்து, செல்வகுமாரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தார்ப்பாயை முன்பின்னாகத் திருப்பி, மறுபடி கட்டினாள். முக்கால் மணி நேரம். முதல் தூறல் விழுந்தபோது வண்டி வில்லியனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அன்று கொட்டிய மழை சாதாரண மழையல்ல. ஸமீஹா தையலில் உட்காரவில்லை. சாயங்காலம் போன் வந்தது. மேட்டுப்பாளையத்து ஆட்களும் கேட்கட்டும் என்று அவர்களையும் சேர்த்தே அழைத்திருந்தான் செல்வகுமார்.

"அக்கா, ஒரு பெட்டி நனையல. ஒரு நூல் பிரியல. நீங்க ஜெயிச்சுட்டீங்க. இத்தினி நாளும் எங்க கட்டுதான் தப்பு, ஒத்துக்குறோம்."

அந்தப் பக்கம் ஆட்கள் கைதட்டுவது கேட்டது. மஜீத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் சொல்லியிருந்ததால், சாலையில் அவளுக்கு என்ன புரிந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை. முப்பத்தொரு தார்ப்பாயும், ஸமீஹாவின் பெயரும், அவள் பேசாமல் இருந்தால் அப்படியே தப்பிக்கும். ஒரு கணம் அவளுக்கும் அந்த ஆசை வரத்தான் செய்தது.

"கைதட்டாதீங்க. தப்பு என்னுதுதான்" என்றாள். தையலில் விட்ட ஓரம், காற்று, திருப்பிப் போட்டது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில், தோற்றவள் குரலாகவே அது இல்லை. "நாளைக்கே எல்லாத்தையும் கொண்டாங்க. ஓரத்தை மடக்கி அடிச்சுத் தைச்சுத் தரேன்."

 செல்வகுமார் உடனே கேட்டான். "அப்ப நாளைலேருந்து லோடு கட்ட வரமாட்டீங்களாக்கா?"

"முப்பத்தொன்னையும் நான் கட்டிப் பாக்காம எப்டிடா தருவேன்?" என்றாள் ஸமீஹா.

மஜீத் எழுந்து போய், காயப்போட்டிருந்த தன் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்து மடித்து அவள் பக்கத்தில் வைத்தார்.