நிக்காஹ் பந்தலில் அர்ஷுச் சண்டை

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஜவ்வாது மலையில் புளியும் சாமையும் வாங்கிப் போளூருக்கு அனுப்புவது என் தொழில். ஐந்து வேளையும் தொழுகிறேன், நோன்பு வைக்கிறேன். மார்க்கத்தில் இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் என் மகளின் நிக்காஹ் நின்றுபோகப் பார்த்தது மார்க்கம் தெரியாதவர்களால் அல்ல, ரொம்பத் தெரிந்தவர்களால்.

மலையில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம்தான். தகரக் கூரை போட்ட தொழுகைக் கூடம் ஒன்று, அதில் தொழுகை நடத்த ஒரு ஹஜ்ரத். மழை நாட்களில் அவர் என் கிடங்கில் புளி மூட்டை மேல் உட்கார்ந்து பழைய கதைகள் சொல்வார். பெரும் பாவம் செய்தவன் முஸ்லிமா இல்லையா, மனிதன் செய்வது அவன் செயலா விதியா என்று ஆதிகாலத்திலேயே பிரிந்துபோனார்களாம். குர்ஆன் படைக்கப்பட்டதா, என்றைக்கும் உள்ளதா என்று பாக்தாத்தில் சண்டை முற்றி, கலீபா சொன்னதை ஒப்பாத ஓர் இமாமைச் சவுக்கால் அடித்தார்களாம். பிறகு பஸ்ராவில் ஒருவரும் சமர்கந்தில் ஒருவரும் அறிவையும் வேதத்தையும் சேர்த்து நடுவழி போட்டார்களாம். அல்லாஹ்வின் கை, முகம் என்று வேதத்தில் வந்தால் நம்பு, எப்படி என்று கேட்காதே என்பது பெரியவர்கள் வழி என்றார். கேட்டு என் கண் கலங்கியது. அந்த ஆட்கள் ஈமானுக்காக, நம்பிக்கைக்காக, முதுகைக் கொடுத்தவர்கள். நம் ஆட்கள் என்ன கொடுத்தார்கள் என்பதை இனிச் சொல்கிறேன்.

நிக்காஹ் அன்று போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலை பஸ்ஸில் வந்தார்கள். மகளிடம் சம்மதம் கேட்டாகிவிட்டது. நிக்காஹ் ஓதுவதற்கு முன் மாப்பிள்ளையைக் கலிமா உறுதிமொழியும் ஈமானும் சொல்ல வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஹஜ்ரத் ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது அவன் அப்பாவின் தம்பி, கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு வருஷம் சவூதியில் ஏர்கண்டிஷன் மெக்கானிக்காக இருந்துவிட்டு, தாடியோடும் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடும் திரும்பியவர். இப்படிச் சொல்ல வைப்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை என்றார். அதோடு விட்டாரா?

"ஹஜ்ரத், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அல்லாஹ் எங்க இருக்கான்?"

"இடத்தப் படைச்சவனுக்கு இடம் ஏதுங்க?"

"அர்ஷு மேலன்னு குர்ஆன்லயே இருக்குதே."

அர்ஷு என்பது அல்லாஹ்வின் சிம்மாசனம். அது எப்படிப்பட்டது என்று கண்ணால் கண்டவர்கள் மாதிரி இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். 'எப்படி என்று கேட்காதே' என்று எனக்குச் சொன்ன அதே ஹஜ்ரத்! கடைசியில் அல்லாஹ்வுக்கு உடம்பு கொடுக்கிற காஃபிர், முஸ்லிமே இல்லை என்று ஹஜ்ரத் சாச்சாவைச் சொன்னார். வேதத்தை மறுக்கிற காஃபிர் என்று சாச்சா ஹஜ்ரத்தைச் சொன்னார். சாச்சா புதிதாகக் கலிமா சொன்னால்தான் நிக்காஹ் ஓதுவேன் என்று ஹஜ்ரத் எழுந்துகொண்டார். அவர் ஓதினால் செல்லாது, மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவோம் என்றார் சாச்சா.

ஜனமும் இரண்டாகப் பிரிந்தது. சாச்சா விசா வாங்கித் தருவார் என்று நம்பிய மூன்று பேருக்கு அந்த நிமிஷமே அர்ஷு விளங்கிவிட்டது. ஹஜ்ரத்திடம் தாயத்து வாங்கியவர்களுக்கு வேறு விதமாக விளங்கியது. முகத்தை மூடிய பூச்சரத் திரைக்குள் வியர்த்துக் கிடந்த மாப்பிள்ளை, யாரும் கேட்காமலே ஒரு தடவை "கபூல்", அதாவது ஏற்றேன், என்றான். சாச்சா முறைத்ததும் அடங்கிவிட்டான்.

மாப்பிள்ளை திரும்பிப் போன பெண் என்ற பேர் வந்தால் மகளை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? அவள் உள்ளே அழுகிறாள் என்று மனைவி வந்து சொன்னாள். எனக்குப் புளி போடுகிற மலைக் கவுண்டர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல என் காதோரம் வந்தார்.

"இன்னா பாய், பொண்ணுக்கும் சம்மதம், மாப்ளைக்கும் சம்மதம். வேற யாருக்குக் கல்யாணம்?"

வெட்கத்தில் என் காது எரிந்தது. நிக்காஹுக்கு வேண்டியது கொடுப்பவர் சொல், ஏற்பவர் சொல், இரண்டு முஸ்லிம் சாட்சிகள். ஓதுகிறவர் அழகுக்குத்தான். இது என் மாதிரி ஆளுக்கும் தெரியும். பதிவு தஃப்தரை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை எதிரில் நானே உட்கார்ந்தேன்.

"சாட்சிக்கு ரெண்டு முஸ்லிம் வேணும். இங்க அதிகமா ஓதுனவங்க நீங்க ரெண்டு பேருதான். வந்து உக்காருங்க. ஒருத்தர் முஸ்லிம் இல்லன்னு இன்னொருத்தருக்குத் தோணுச்சின்னா இப்பவே எந்திரிச்சி சொல்லிடுங்க. சாட்சி செல்லாது, நிக்காஹும் செல்லாது. எல்லாரும் வூட்டுக்குப் போவலாம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வந்து உட்கார்ந்தார்கள். சமையல்காரர் பிரியாணி தேக்ஸாவின் தம்மை உடைத்து மூடியைத் திறந்திருந்தார், மணம் பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பேசிய மஹர் பணத்துக்கு மகளைக் கொடுத்தேன் என்று சொன்னேன். இந்த முறை கேட்ட பிறகு மாப்பிள்ளை "கபூல்" என்றான். ஹஜ்ரத் உருதுவில் கையெழுத்துப் போட்டார், சாச்சா இங்கிலீஷில் போட்டார். காஃபிரும் காஃபிரும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. முக்கால் மணி நேரம் தீராத விஷயம் ஒரு பேனாவில் தீர்ந்தது. தீர்ந்ததா, பசித்ததா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

மூணு மணி பஸ்ஸில் மகளை ஏற்றிவிட்டுக் கையேந்தி துஆ செய்தேன். சாச்சா ஜன்னல் வழியாக "ஆமீன்" என்றார். ஹஜ்ரத் தலையை மட்டும் ஆட்டினார். வாய் நிறைய வெற்றிலை.