நாலில் ஒன்று

மூத்தவள் மலருக்கு எட்டு மாதமானபோது அவள் உள்ளங்கை வெளுத்திருப்பதை முதலில் பார்த்தது, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாள். பெற்ற எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் வெளுப்புதான்.

விழுப்புரத்தில் சோதித்துத் தலசீமியா என்றார்கள் (உடம்பு போதிய அளவு நல்ல ரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோய்). மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

என் கணவர் என் அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பின்பும் மாமா. அதைக் கேட்டதும் மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். மரபணு (பெற்றோரிடமிருந்து வரும் உடற்குறிப்பு) அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வரும். எங்கள் இருவருக்கும் அதில் ஒன்று பழுது, மற்றது நல்லது. அதனால் எங்களுக்கு நோயில்லை. இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். சொந்தத்துக்குள் கட்டினால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுதல்.

“நாலுல ஒரு வாய்ப்பும்மா. அடுத்து உண்டானா ஜல்தியா வந்துடு, கருவிலேயே டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்” என்றார்.

மறு ஆண்டே உண்டானேன். கிளம்பி நின்றபோது மாமா தடுத்தார்.

“இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நாலுல ஒண்ணுன்னாங்க இல்ல? அது மலருக்கு வந்துடுச்சி. இனிமே மூணும் நல்லாத்தான் பொறக்கும்.”

“டாக்டரம்மா வரச் சொன்னாங்களே மாமா.”

“வயித்துல ஊசி குத்துவாங்களாம். கலைஞ்சிடுச்சின்னா? சும்மா பயந்துக்கினு இருக்காத.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் பங்குத் துன்பம் வந்து முடிந்துவிட்டது என்று நம்பினேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதுவரை மலரை மாமாவே கூட்டிப்போனார்; ஏழாம் மாதத்தில்தான் நான் போனேன். மலருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது மருத்துவர் என் வயிற்றைப் பார்த்தார். மாமாவின் கணக்கைச் சொன்னேன். மலரின் ரத்தக் குழாயைச் சரிசெய்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணும்மா. மூத்தது எப்படிப் பொறந்துச்சின்னு வயித்துல இருக்கிறதுக்குத் தெரியுமா?”

கருவைச் சோதிக்கும் காலம் கடந்திருந்தது.

மகன் பிறந்தான், நல்ல சிவப்பாக. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் விடிந்ததும் அவனை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். அப்படியே என் நாட்கள் போயின. ஆறாம் மாதம் அந்தச் சிவப்பு குறையத் தொடங்கியது. அவன் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தோம்.

உங்களில் யாராவது அதே கணக்கைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால், இன்றே எழுந்து சோதித்துக்கொள்ளப் போங்கள்.

முடிவு வந்தது. மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் நர்ஸிடம் போய், இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் ஏற்ற ஒரே நாளில் படுக்கை தருவீர்களா என்று கேட்டேன்.