கோணல் காற்றாலையும் குழாய் மணியும்

மாடல் செஞ்சு விக்கறது பிப்ரவரி ஒண்ணாம் தேதி பொறந்து அந்த மாசக் கடைசியில செத்துப்போற தொழில். மீதிப் பதினோரு மாசமும் புதுப்பட்டினம் பஜார்ல நான் வெறும் எலக்ட்ரிகல் கடை அமலி. ஃபேன் காயில் கட்டுவேன், மிக்சி ரிப்பேர் பாப்பேன், டிசம்பர் வந்தா ஸ்டாருக்கு லைட் மாட்டுவேன். தேசிய அறிவியல் தினம் நெருங்கிடுச்சுன்னா கடை முழுக்க தெர்மோகோல்தான். எரிமலை, காற்றாலை, மழைநீர்த் தொட்டி, ஊசிக்குழாயில ஓடற ஜேசிபி, எல்லாம் நம்ம கைவண்ணம்.

கடல் ஏன் நீலமா இருக்குன்னு ஒரு விஞ்ஞானிக்கு சந்தேகம் வந்து, அதுல ஆரம்பிச்ச கண்டுபிடிப்புக்காகக் கொண்டாடற நாளாம். ஒரு டீச்சரம்மா சொன்னாங்க. நல்லாத்தான் கொண்டாடறாங்க போங்க! என் கடைக்கு வர்றவங்களுக்குக் கடல் மேல ஒரு சந்தேகமும் கிடையாது. இருக்கற சந்தேகமெல்லாம் என் மேலதான். பட்டாசு, கொடி, பிள்ளையார் குடைன்னு சீசன் கடை போட்டு லோல்படற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்ககிட்ட சொல்லாம நான் வேற யார்கிட்ட சொல்லுவேன்?

ஆம்பளை இல்லையா?

செங்கல்பட்டுல மோட்டார் காயில் கட்டற பட்டறையில அஞ்சு வருஷம் வேலை பாத்தவ நான். சால்டரிங் வைக்கறப்போ கை நடுங்காது. ஆனா கடைக்கு வர்ற முக்காவாசிப் பேர் என்னைப் பாத்ததும் என் தோளுக்குப் பின்னால எட்டிப் பாப்பாங்க. உள்ள யாராவது மீசை வச்ச ஆளு உக்காந்திருக்காரான்னு தேடறாங்களாம். எங்க வூட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டறவர், பல்பு மாட்டவே என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒரு அம்மா பையனுக்கு எரிமலை வாங்க வந்தாங்க. நான் சோடா மாவைப் போட்டு, வினிகரை ஊத்தி, பொங்க வச்சுக் காட்டினேன். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிஞ்சுது. அந்தம்மா மூஞ்சியில திருப்தியே இல்ல. ரெண்டாவது தடவையும் பொங்க வச்சேன். அதுக்கப்புறம்தான் பையில வாங்கி வச்சுகிட்டு, என் காதுகிட்ட குனிஞ்சு சொன்னாங்க:

"செஞ்சது நீங்கன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க, மார்க் கொறஞ்சிடும்."

இன்னும் கொஞ்சம் அசிங்கமா

ஒரு சார். பெரிய படிப்பு, ஆராய்ச்சி வேலை, சொந்த ஊரு தெக்கத்திப் பக்கம். ஆறாவது படிக்கற பையனுக்குக் காற்றாலை வேணும்னு ஆர்டர் குடுத்தார். நான் ஆசை ஆசையா செஞ்சேன். இறக்கை மூணும் ஒரே அளவு, ஒயர் மேல டேப் சுத்தி, பேர் எழுதின அட்டையை ஸ்கேல் வச்சு வெட்டி ஒட்டினேன். காற்றாலை சார் வந்து சுத்திச் சுத்திப் பாத்தார். பாராட்டப் போறார்னு நெனச்சுகிட்டு நின்னேன். அவர் தலையை ஆட்டிட்டு, "இது பெரியவங்க கை வேலைன்னு பாத்த உடனே தெரியுதே" அப்படின்னார்.

சரின்னு உக்காந்து அவர் கண்ணு முன்னாடியே கெடுத்தேன். ஒரு இறக்கையை ஓரத்துல நறுக்கினேன். பசையை வழிய விட்டேன். பழைய அட்டையைப் பிச்சுப் போட்டுட்டு, புது அட்டையில இடது கையால "காற்றாலை"ன்னு எழுதினேன். எழுத்து மேட்டுல ஏறிப் பள்ளத்துல இறங்குச்சு. இங்க்ல கட்டை விரலை நனைச்சு மூலையில ஒரு ரேகையும் வச்சேன். அன்னைக்குக் கத்துகிட்டதுதான் என் கடை ரகசியம். அதுலேர்ந்து எங்கிட்ட வாங்கற எல்லா மாடலும் இடது கை எழுத்து, வழியற பசை, விரல் ரேகையோடதான் வெளிய போவும். கடைசியா அவர் காற்றாலையைக் கையில தூக்கிப் பாத்துட்டு சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் அசிங்கமா பண்ணுங்க மேடம், பாக்கறவங்களுக்கு ஒரு நேர்மை தெரியணும்."

பஸ்ஸுல பூகம்பம்

ஊரப்பாக்கத்துல ஒரு கஸ்டமர் பூகம்ப எச்சரிக்கை மாடல் கேட்டாங்க. தரை ஆடினா சங்கிலி ஆடும், சங்கிலி பட்டா மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும். அதை அட்டைப் பெட்டியில வச்சு, மடியில வச்சுகிட்டு, செங்கல்பட்டு பஸ் ஏறினேன். பேட்டரியைக் கழட்டி வைக்கணும்னு புத்தி இல்ல. மொத பள்ளத்துலயே பெட்டிக்குள்ள 'கீங்'னுச்சு. ரெண்டாவது பள்ளத்துல சிவப்பு விளக்கு ஓட்டை வழியா மின்னுச்சு. பக்கத்துல இருந்த பெரியவர் பெட்டியைப் பாத்தார், என்னைப் பாத்தார், எழுந்து முன் சீட்டுக்குப் போயிட்டார். அவரைப் பாத்து இன்னும் நாலு பேர் எழுந்தாங்க.

திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள பஸ்ஸு நின்னுடுச்சு. "பூகம்பம் வந்தா சொல்றதுங்க, சயின்ஸு"ன்னு சொல்லிப் பாத்தேன். பூகம்பங்கற பேரைக் கேட்டதும் இன்னும் ரெண்டு பேர் இறங்கிட்டாங்க. கண்டக்டர் மட்டும் தைரியசாலி. பெட்டியைத் தொறக்கச் சொல்லி, தூர நின்னே எட்டிப் பாத்துட்டு சொன்னார்:

"இந்தாம்மா, வெடிச்சா போலீஸு, வெடிக்கலன்னா லக்கேஜ் டிக்கெட்டு, எதுன்னு இப்பவே சொல்லிடு."

வாங்காம போற பொண்ணு

போன பிப்ரவரி மொத வாரத்துல ஒரு பொண்ணு கடைப் பக்கம் வர ஆரம்பிச்சுது. ஒம்பதாவது படிக்கற பொண்ணு, பேரு ஷாலினி, குப்பத்துல வூடு. அப்பா வலை தைக்கறவர். அது வரும், அலமாரியில இருக்கற மாடலை ஒவ்வொண்ணா உத்துப் பாக்கும், ஒண்ணும் வாங்காம போயிடும். நாலு நாள் பொறுத்தேன். திருட்டுப் பார்வையோ, இல்ல வேற கடைக்காரன் எவனாவது வேவு பாக்க அனுப்பினானோன்னு எனக்கு ஒரே குடைச்சல். அஞ்சாம் நாள், "இன்னா பாப்பா, டிசைன் திருட வந்துகினு கீறியா?"ன்னு கேட்டே புட்டேன்.

அது அசரல. "ஒரு டிரான்சிஸ்டரு, மணி அடிக்கற பஸ்ஸரு ஒண்ணு குடு. பழசைக் கழட்டிக் குடுத்துடாத"ன்னுச்சு. என் மேலயே சந்தேகம் பாருங்க! அப்புறம் மெல்ல விஷயத்தைக் கறந்தேன். அவங்க தெருக் குழாய்ல எப்போ தண்ணி வரும்னு யாருக்கும் தெரியாதாம். அம்மா வேலைக்குப் போயிடும், இது உள்ள படிச்சுகினு இருக்கும், தண்ணி வந்துட்டு நின்னும் போயிடும். அதனால குழாய் வாயில ரெண்டு ஒயர் வைக்கறாளாம். தண்ணி பட்டா வூட்டுக்குள்ள மணி அடிக்கும். நான் ஆடிப்போயிட்டேன். எங்கிட்ட இருக்கற அத்தனை எரிமலையும் சேர்ந்து ஒரு குடம் தண்ணி பிடிச்சுத் தராது.

மனசு கேக்காம, "நானே செஞ்சு தரேன், டப்பு ஒண்ணும் வேணாம்"னேன். வேணாம்னு தலையாட்டினா. இருபத்தெட்டாம் தேதி சுத்துவட்டார ஸ்கூல் எல்லாம் சேந்து கண்காட்சி வைக்கறாங்க, மொதப் பரிசு வாங்கினா செங்கல்பட்டுக்கு, மாவட்ட அளவுக்கு அனுப்புவாங்க. அதுக்கு முந்தின வருஷமும் இவ ஏதோ செஞ்சுகினு போயிருக்கா. நடுவர் வந்து, "யார் செஞ்சு குடுத்தா?"ன்னு ஒரே கேள்வி கேட்டுட்டு, பதிலைக்கூட கேக்காம நடந்துட்டாராம். அதைச் சொல்றப்போ அவ குரல் கொஞ்சம் இறங்குச்சு. உடனே நிமிந்துட்டா:

"நீ செஞ்சா அது உன்னுதுக்கா, எனுக்கு என்னுத எடுத்துகினு செங்கல்பட்டு போவணும்."

ஹால்ல மாட்டினேன்

இருபத்தெட்டாம் தேதி காலையில காற்றாலை சார்கிட்டேர்ந்து போன். "மேடம், சுத்தல!" பேட்டரியை எடுத்துகிட்டு ஓடினேன். கண்காட்சி நடக்கற ஸ்கூல் கேட்டுல வாட்ச்மேன் மறிச்சார். "பையனோட அத்தை"ன்னு சார் சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனார். நானும் அத்தையா மேசைக்கு அடியில பூந்து பேட்டரி மாத்திகிட்டு இருந்தேன். அப்போதான் நடுவர் வந்தார். காலேஜ்ல பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவர். கடை மாடலை மோப்பம் பிடிக்கறதுல புலின்னு பேரு.

காற்றாலைக்கு முன்னாடி நின்னார். வழிஞ்ச பசையைப் பாத்தார், கோணல் எழுத்தைப் பாத்தார், விரல் ரேகையைப் பாத்து உருகியே போயிட்டார். "இதுதான் குழந்தையோட உழைப்பு!"ன்னு பையன் தலையைத் தடவினார். அடுத்த மேசை ஷாலினிது. ஒயரெல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா ஓடுது. டேப்புக்குப் பதிலா பச்சை நைலான் நூலால, வலை முடிச்சு போட்டு, விரக்கடைக்கு ஒரு கட்டு. அவ்ளோ சுத்தம். நடுவர் உதட்டைப் பிதுக்கினார். "ஒம்பதாவது படிக்கற பொண்ணு கை இவ்வளவு நேரா இருக்குமா? கடையில வாங்கினது. யார் செஞ்சு குடுத்தா?" "நான்தான் சார் செஞ்சேன்." "எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க." பேப்பர்ல சிவப்புக் கோடு இழுத்தார்.

ஷாலினி அழல. என்னை ஒரு தடவை பாத்தா, உடனே பார்வையைத் திருப்பிகிட்டா. 'சொல்லுக்கா'ன்னு கேட்டிருந்தாகூட, எனக்கென்னன்னு இருந்திருப்பேனோ என்னவோ. கேக்கலையே பாவி! அதுதான் தாங்கல. வாயைத் தொறந்தா அந்த ஹால்ல இருக்கற பாதி அப்பா அம்மா என் கஸ்டமருங்க, அத்தனை பேர் மானமும் போவும், என் பிப்ரவரியும் போவும். தொறக்கலன்னா இந்தப் பொண்ணு செங்கல்பட்டு போவாது. மேசைக்கு அடியிலேர்ந்து எழுந்தேன். "சார், அது கடையில வாங்கினது இல்ல. கடையில வாங்கினது இது"ன்னு காற்றாலையைக் காட்டினேன். காற்றாலை சார் சுவரோட சுவரா ஒட்டிகிட்டார்.

நடுவர் என்னை நம்பல. "நீ இந்தப் பொண்ணுக்கு என்ன ஒறவு?"ன்னார். நான் அவர் பேனாவையே வாங்கி, அவர் பேப்பர்லயே, இடது கையால "காற்றாலை"ன்னு எழுதிக் காட்டினேன். மனுஷன் அட்டையைப் பாத்தார், பேப்பரைப் பாத்தார். அதோட விட்டாரா? ஷாலினியோட கட்டு ஒண்ணை அவரே அவுத்து, "திருப்பிப் போடு"ன்னார். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போட்டுட்டா. டம்ளர் தண்ணியை ஊத்தச் சொன்னார், மணி கணீர்னு அடிச்சுது. அப்புறம் பேப்பரைக் கையில பிடிச்சுகிட்டு, என் எழுத்தைத் தேடிகிட்டு, மேசை மேசையா நடந்தார். எரிமலை, தொட்டி, ஜேசிபி. ஒம்பதாவது மேசையில நின்னு, கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்துக் கேட்டார்:

"ஏம்மா, அப்போ இந்த ஹால்ல நிஜமா எத்தனை குழந்தைங்கதான் வந்திருக்காங்க?"

யார் செஞ்சது இல்ல, எப்படி செஞ்சது

சிவப்புக் கோட்டை அடிச்சுட்டு, மொதப் பரிசு ஷாலினிக்கே போட்டார். செங்கல்பட்டு போனா. அங்க அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கல. வாடிப்போய் வருவா, நாலு வார்த்தை ஆறுதலா சொல்லலாம்னு காத்துகிட்டு இருந்தேன். எனக்கு வேற வேலையும் இல்ல. பஜார்ல எதிர்ல வந்த ரெண்டு கஸ்டமர் என்னைத் தெரியாத மாதிரியே தாண்டிப் போனாங்க, மிக்சி ரிப்பேர்கூட வர்றது நின்னு போச்சு.

போட்டி முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் ஷாலினி வந்தா. மூஞ்சியில வாட்டமே இல்ல. ஒரு மேடம் கால் மணி நேரம் நின்னு கேள்வி கேட்டாங்களாம், மழைத்தண்ணி பட்டா மணி அடிக்காதான்னு மடக்கிட்டாங்களாம். அதுக்கு ஒரு மூடி செய்யணும்னு சாமான் கேட்டா. "பரிசு இல்லன்னு வருத்தமா?"ன்னு கேட்டேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாத்து எனக்குத்தான் கண்ணு கலங்கிப் போச்சு.

"அங்க ஒருத்தரும் யாரு செஞ்சதுன்னு கேக்கலக்கா, எப்டி செஞ்சேன்னுதான் கேட்டாங்க."

இந்த வருஷத்து ஆர்டர்

இந்தப் பிப்ரவரிக்குக் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்னு நெனச்சேன். மொத ஆளா வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? காற்றாலை சார்! கோவமா வந்திருப்பார்னு ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்து வச்சுகிட்டேன். அவர் சிரிச்சுகிட்டே உக்காந்தார். கோணலை இப்போ நடுவருங்க நம்பறது இல்லையாம், நேரா சுத்தமா இருந்தாத்தான் பையன் செஞ்சதுன்னு நம்பறாங்களாம். "பச்சை நூல்ல அந்த வலை முடிச்சு போட்டுக் குடுத்துடுங்க மேடம்"னார்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! பத்து மாடல்ல அந்த முடிச்சு போட்டு அனுப்பினா, இந்த வருஷமும் கண்காட்சிக்குப் போற ஷாலினி கையைத்தான மறுபடியும் சந்தேகப்படுவாங்க? "முடிச்சு போடற கை இந்தக் கடையில இல்ல, போய் வாங்க"ன்னுட்டேன். அவர் அசையல. ரொம்ப மரியாதையாக் கேட்டார்:

"அப்போ அந்தப் பொண்ணு வூட்டு அட்ரஸ் குடுங்க."

நான் குடுக்கல, ஆனா புதுப்பட்டினத்துல வலை தைக்கறவர் வூட்டைக் கண்டுபிடிக்க ஒருத்தர் ஆராய்ச்சி படிச்சிருக்கணும்னு அவசியம் இல்லையேன்னு, இப்பல்லாம் கடை மூடினதும் குப்பத்துப் பக்கம் ஒரு நடை நடந்து, அவங்க வாசல்ல யார் செருப்பு கெடக்குதுன்னு பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போறேன்.