சின்னப்பொண்ணு காட்டிய சான்று

சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம். புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பள்ளி ஒன்றில் மேடைப்பேச்சு எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் வரும் தலைவர்களின் பேச்சுகளை வரி வரியாக அலசுவோம். “எதைச் சொன்னாலும் உடனே ஒரு சான்று காட்டணும்” என்று ஓயாமல் சொல்வேன்.

அன்றைய தலைப்பு, ‘எல்லோருக்கும் சம உரிமை’. ஆதரித்துப் பேச, சேரியிலிருந்து வந்த ஒரே மாணவி சின்னப்பொண்ணு எழுந்தாள். வகுப்பின் தண்ணீர்ப் பானையை அவள் தொடக்கூடாது. யாராவது மொண்டு அவள் கையில் ஊற்றுவார்கள்.

“அந்தப் பானையில நாங்க மொண்டு குடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆயிராது” என்றாள். விறுவிறுவென்று போய் டம்ளரில் மொண்டு மடமடவென்று குடித்தாள்.

“சான்று காட்டிட்டேன் சார். அடுத்தது...” என்று பேச்சைத் தொடர்ந்தாள்!

நான் அவசரமாக வாசலை எட்டிப் பார்த்தேன். ஊர் திரண்டு வந்து பள்ளியைப் பூட்டிவிடுமே! அடுத்து, எதிர்த்துப் பேச வேண்டியவன் பண்ணையார் மகன் சிதம்பரம். அவன் நேரே பானையிடம் போனான். அதே டம்ளரில் மொண்டு குடித்தான்.

“எதிர்த்துப் பேசத்தான் எழுதிட்டு வந்தேன் சார். இனிமே எப்படிங்க பேசுறது?”

வகுப்பே ஆர்ப்பரித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவர்களிடம் சான்று கேட்டே காலம் தள்ளிய நான், முதன்முதலாக ஒன்று காட்ட எழுந்தேன். டம்ளர் இன்னும் ஈரமாக இருந்தது.